வயிற்றறையில் சிந்தியது எங்கே போகிறது?

இரைப்பைக்கும் குடலுக்கும் வெளியே, வயிற்றுச் சுவருக்கு உள்ளே இருக்கிற இடத்துக்கு வயிற்றறை என்று பெயர். அங்கே கொஞ்சம் ரத்தம் கசிந்தால், சில நாட்களில் அதில் பெரும்பகுதி காணாமல் போய்விடும். இந்த அறையைப் போர்த்தியிருக்கும் பெரிட்டோனியம் என்ற மெல்லிய சவ்வின் பரப்பு, ஏறத்தாழ நம் தோலின் பரப்புக்கு ஈடானது. அத்தனை பரப்பும் சேர்ந்து உறிஞ்சிக்கொள்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். நீருக்கும் அதில் கரைந்த பொருள்களுக்கும் அது ஓரளவு பொருந்தும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்ய முடிவதும் இந்தச் சவ்வால்தான். ஆனால் ரத்த அணு, பாக்டீரியா போன்ற துகள்களால் ரத்த நுண்குழாய்களின் சுவரைத் தாண்ட முடியாது. அவை நிணநீர்க் குழாய்கள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதற்கான முக்கிய வாசல், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. அதை இயக்குவது நம் மூச்சு.

ஜெர்மானிய மருத்துவர் ரெக்லிங்ஹௌசன் 1863இல் முயலின் உதரவிதானத்தின் மேல் பாலை விட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். பாலின் கொழுப்புத் துளிகள் சில இடங்களில் மட்டும் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கின. அங்கெல்லாம் நுண்துளைகள் இருக்கின்றன என்றார். மற்றவர்கள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. துளைகளைக் காட்டத் திசுவுக்கு வெள்ளி உப்பால் சாயமேற்றும்போது உண்டாகும் கறையைத்தான் துளை என்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். நியாயமான சந்தேகம்தான், சாயம் இல்லாததைக் காட்டிய சம்பவங்கள் அறிவியலில் உண்டு. பல பத்தாண்டுகள் நீண்ட இந்த வழக்கை 1970களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி தீர்த்து வைத்தது. சவ்வின் செல்களுக்கு இடையே சில மைக்ரான் அகலமுள்ள துளைகளும், அவற்றின் அடியில் நிணநீர்ப் பள்ளங்களும் தெளிவாகத் தெரிந்தன. மூச்சை விடும்போது உதரவிதானம் தளர்ந்து மேலே போகிறது, துளைகள் விரிந்து பள்ளங்கள் நிரம்புகின்றன. மூச்சை இழுக்கும்போது தசை சுருங்கி, நிரம்பியதை மார்பின் நிணநீர்க் குழாய்களுக்குத் தள்ளுகிறது. குழாய்களில் வால்வுகள் இருப்பதால் அது திரும்பி வருவதில்லை. கடைசியில் கழுத்தடிச் சிரைகளில் ரத்தத்தோடு கலக்கிறது.

முயலுக்குச் சரி, மனிதருக்கும் அப்படித்தானா? நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மருத்துவர் லைலி 1963இல் செய்த சிகிச்சை இதற்கு நல்ல பதில். தாயின் ரத்தத்தோடு ஆர்.எச். வகை பொருந்தாததால் ரத்தம் அழிந்துகொண்டிருந்த கருவின் வயிற்றறைக்குள், தாயின் வயிறு வழியாக ஊசி செலுத்திச் சிவப்பணுக்களை ஏற்றினார். ஏழெட்டு மைக்ரான் அளவுள்ள அந்த அணுக்கள் சிதையாமல் கருவின் ரத்த ஓட்டத்தைச் சென்றடைந்து வேலை செய்தன. கருப்பையில் காற்றே இல்லையே, அங்கே மூச்சு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். காற்று இல்லாவிட்டாலும் கரு மூச்சசைவுகளைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. நீர் கோத்து வீங்கி, அந்த அசைவும் நின்றுபோன கருக்களில் இந்த முறை சரியாகப் பலிக்கவில்லை. சோதனை விலங்குகளில் உதரவிதானத்துக்குச் செல்லும் நரம்பை வெட்டினாலும் உறிஞ்சுதல் குறைகிறது.

இந்த வாசல் வழியாகக் கிருமிகளும் ரத்தத்துக்குள் போகலாம், இது பாதுகாப்பா ஆபத்தா என்று கேட்டால், இரண்டும்தான் என்பேன். வயிற்றறையில் சீழ் பிடித்த நோயாளியைச் சாய்ந்து உட்காரவைக்க வேண்டும் என்று 1900இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஃபவுலர் எழுதியதன் நோக்கமே, நச்சு உதரவிதானத்தின் பக்கம் போகாமல் இடுப்புக்குழியில் தங்கட்டும் என்பதுதான். சினைப்பைப் புற்றுநோயில் செல்கள் இந்த வடிகாலை அடைத்துவிடுவது, வயிற்றில் நீர் கோப்பதற்கு ஒரு காரணம்.

வாசலில் நுழைய முடியாத துகள்களை விழுங்குசெல்கள் சூழ்ந்துகொள்கின்றன. குடலின் முன்னால் தொங்கும் கொழுப்புத் திரையான வபையும் அவற்றை ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. அறுவை மருத்துவர்கள் அதை வயிற்றின் போலீஸ்காரர் என்பார்கள். கைதான துகள் கரையாவிட்டால் அழற்சி நீடித்து, குடல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் கூடும். ரப்பர் கையுறைகளில் முன்பு தூவிய டால்க் இதைத்தான் செய்தது. கரைந்துவிடும் என்று நம்பி அதற்குப் பதிலாகச் சோளமாவைக் கொண்டுவந்தார்கள். சில நோயாளிகளிடம் அதுவும் கட்டிகளையும் ஒட்டுதல்களையும் உண்டாக்கியது. மருத்துவ இதழ்கள் பல பத்தாண்டுகள் எச்சரித்த பிறகே, 2017 ஜனவரியில், மாவு தூவிய கையுறைகளுக்கு அமெரிக்காவில் தடை நடைமுறைக்கு வந்தது.