விரல் மடிந்த குஞ்சும் தாய்க்கோழியின் தீனும்

உடுவில் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: அடை வைத்ததில் இரண்டு குஞ்சுகளுக்குக் கால் சரியில்லை, ஒன்றுக்குக் கால்கள் இரண்டு பக்கமும் அகன்றுவிட்டன, மற்றதற்கு விரல்கள் உள்ளே மடிந்திருக்கின்றன, கடையில் விற்கும் விற்றமின் தண்ணீர் கொடுத்தால் சரிவருமா? முதலாவதற்குச் சரிவராது. இரண்டாவதற்கு வரலாம், ஆனால் அதைக் குடித்திருக்க வேண்டியது குஞ்சல்ல, தாய்க்கோழி. கால் அகன்ற குஞ்சின் சங்கதி சுருக்கமானது. பொரித்த முதல் நாட்களில் கால்களை உடலுக்குக் கீழே நிறுத்திவைக்கும் பலம் தசைக்கு இல்லை. சீமெந்து நிலம், பிளாஸ்டிக் பெட்டி, விரித்துப் போட்ட பத்திரிகை (இந்தப் பத்திரிகையும் விலக்கல்ல) எல்லாம் வழுக்கும். அடைகாக்கும் பொறியில் சூடு கூடினாலும் இது வருவதுண்டு. நிற்கும்போது இருக்கவேண்டிய இடைவெளி விட்டு, இரு கால்களையும் மெல்லிய பிளாஸ்டர் துண்டால் இணைத்துச் சாக்கின் மேல் விட்டால், பெரும்பாலும் சில நாட்களில் நடக்கும். முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் கட்ட வேண்டும். பிந்தினால் மூட்டு அப்படியே இறுகிவிடும்.

விரல் மடிந்த குஞ்சுதான் நம்மை நிறுத்திவைக்கிறது. பச்சை முட்டையை உடைத்து வெள்ளைக்கருவை வெளிச்சத்தில் பார்த்தால் இலேசான பச்சை கலந்த மஞ்சள் சாயல் தெரியும். அது ரைபோபிளேவின், அதாவது விற்றமின் பி2. இந்தச் சத்து தானாக முட்டைக்குள் போய்ச் சேருவதில்லை. முட்டையிடும் பருவம் வந்ததும் கோழியின் ஈரல் அதற்கென்றே ஒரு புரதத்தைச் செய்கிறது. அது இரத்தத்தில் திரியும் பி2ஐப் பற்றிக்கொண்டு மஞ்சள்கருவுக்குள் கொண்டுபோய் இறக்குகிறது. வெள்ளைக்கருவுக்கு வேண்டிய புரதத்தை முட்டைக்குழாய் தனியே செய்கிறது. மரபணுக் குறையால் இந்தப் புரதம் இல்லாத கோழிகளும் உண்டு. அவை நல்ல தீன் தின்று, நலமாக இருந்து, ஒழுங்காக முட்டையும் இடும். அடை வைத்தால் ஏறத்தாழ 13ஆம் நாளில் கரு செத்துவிடும். அதே முட்டைக்குள் ஊசியால் பி2 ஏற்றினால் குஞ்சு பிழைக்கிறது. சத்து இருந்தும் சுமக்க ஆளில்லாமல் போன கதை அது.

முட்டையை 21 நாள் பயணத்துக்கான கட்டுச்சோறு என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் கடை இல்லை, தண்ணீர்ப்பந்தல் இல்லை, பக்கத்து இருக்கைக்காரர் வடை நீட்டப்போவதும் இல்லை. கட்டியவள் உப்புப் போட மறந்திருந்தால் பாதி வழியில் அவிழ்க்கும்போதுதான் தெரியும். தெரிந்தாலும் வீட்டுக்குச் சொல்ல வழியில்லை. பொரித்தபின் இரண்டு மூன்று நாட்களுக்குப் போதுமான மிச்ச மஞ்சள்கருவையும் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டே குஞ்சு வெளியே வருகிறது. இறங்கவேண்டிய இடம் வந்ததும் பயணி மீதிச் சோற்றைப் பொதியோடு விழுங்கிவிட்டு இறங்குகிறார் என்றால் சரியாக இருக்கும்.

இந்தப் பொதியில் பி2 குறைந்தால், அல்லது பொரித்தபின் குஞ்சின் தீனில் குறைந்தால், அடி விழுவது நரம்பில். தொடை வழியே காலுக்கு இறங்கும் பெரிய நரம்பின் உறை சிதைந்து நரம்பு வீங்குகிறது. விரல்கள் உள்ளே சுருண்டு, குஞ்சு கணுக்காலில் குந்தி நகர்கிறது. கண் பளிச்சென்றிருக்கும், தீனைப் பக்கத்தில் வைத்தால் ஆவலாகக் கொத்தும். குறை கடுமையென்றால் முட்டைக்குள்ளேயே தடயம் கிடைக்கும்: பொரிக்காத முட்டையை உடைத்துப் பார்த்தால் கரு குள்ளமாகவும், மென்மயிர் விரியாமல் முடிச்சு முடிச்சாகச் சுருண்டும் இருக்கும். இந்தத் தடயங்கள் இல்லாமல் பொரிக்கும்போதே விரல் மட்டும் வளைந்திருந்தால், முட்டைக்குள் மடிந்து கிடந்ததுகூடக் காரணமாகலாம். மட்டையில் சின்னச் சப்பாத்து வெட்டி ஒட்டினால் சில நாட்களில் நிமிரும்.

எருக்கும்பியைக் கிளறித் திரியும் ஊர்க்கோழிக்கு இந்தக் குறை எளிதில் வராது. பச்சிலையிலும் பூச்சியிலும் பி2 உண்டு. எருவில் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. வெங்காயத் தோட்டத்தைக் கிளறிவிடும் என்று கூட்டில் அடைத்து, குறுணல் அரிசியும் தேங்காய்ப் பிண்ணாக்கும் மட்டும் போட்டால் அந்த வழிகள் அடைபடுகின்றன. மஞ்சள்கரு நல்ல நிறமாக இருக்கிறதே என்று ஆறுதல்படவும் முடியாது. அந்த நிறத்துக்கும் பி2க்கும் சம்பந்தமில்லை.

சரித்திரம் கேட்பவர்களுக்காக ஒரு பந்தி. பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான் 1890களில் தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகளின் கால்கள் விளங்காமல் போனதையும், தவிடு நீக்காத அரிசி கொடுத்ததும் அவை தேறியதையும் கண்டார். 1929இல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். அது பி1 குறைபாடு, நம்முடையது பி2. எனினும் கோழியின் காலைப் பார்த்துத் தீனைச் சந்தேகிக்கும் பழக்கம் அங்கேதான் வேர்விட்டது.

"பலமில்லாத குஞ்சைச் சாகவிடுவதே இயற்கை" என்று சொல்பவர்கள் உண்டு. பரம்பரைக் குறையென்றால் அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. அலகு குறுக்கே போன குஞ்சை வளர்த்தாலும் இனப்பெருக்கத்துக்கு வைக்கக்கூடாது. ஆனால் காரணம் நிலமோ தீனோ என்றால், குஞ்சைக் கொல்வதால் காரணம் சாகாது, அடுத்த அடையிலும் அதே கால்தான் வரும். "அப்படியானால் விற்றமின் தண்ணீரே போதுமே" என்பார்கள் மறுபக்கத்தார். போத்தலின் நிறம் மருந்தல்ல. லேபலில் பி2 எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெளிச்சத்தில் பி2 சிதைந்துவிடும் என்பதால், வெயிலில் வைத்த பாத்திரத்தில் கலப்பது வீண். நரம்பு பழுதாகி நாட்பட்டால் எந்தப் போத்தலும் விரலை விரிக்காது. ஆகவே தாய்க்கோழிக்கு அடை வைக்கும் முட்டை இடத் தொடங்குமுன்பே முருங்கையிலை, மீன் கழிவு, சரியான கோழித்தீன் கிடைக்கட்டும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சில கிழமை வளர்ந்த குஞ்சு ஒரு காலை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் நீட்டிக்கொண்டு விழுந்து கிடந்தால், அது மாரெக் எனும் வைரஸ் நோயாக இருக்கலாம். கட்டும் விற்றமினும் அதற்கு உதவாது. அரச மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். அதற்கான தடுப்பூசியைப் பொரித்த முதல் நாளிலேயே போடவேண்டும். நோய் வந்தபின் மருந்து கிடையாது.