எண்ணும் உரையும்: லினக்ஸ் கணினியில் தாய்ப்பலகை உணரிகளின் பிழைகள் பற்றிய ஓர் ஆய்வு

இலக்கியப் பிரதிக்கு உரை வேண்டும், கருவி காட்டும் எண்ணுக்கு உரை வேண்டியதில்லை என்பது நம்மிடையே பரவலாக உள்ள எண்ணங்களுள் ஒன்றாகும். எண் இயற்கையின் குரல் என்றும், சமூக உறவுகள் அதனைத் தீண்டுவதில்லை என்றும் கொள்ளப்படுகிறது. லினக்ஸ் இயக்கும் கணினியொன்றின் தாய்ப்பலகை உணரிகள் பொருந்தாத அளவுகளைக் காட்டும்போது, அதன் காரணத்தைத் தேடிச் செல்பவர் இவ்வெண்ணத்தை நெடுநேரம் பேண முடியாது.

முதலில் பௌதிக அடித்தளத்தை நோக்குவோம். கணினியின் வெப்பநிலை ஓரிடத்தில் மட்டும் அளக்கப்படுவதில்லை. மத்திய முறைவழியாக்கிக்குள்ளேயே உணரிகள் உண்டு. இன்ரெல் வகைக்குக் கோர்ரெம்ப், ஏ.எம்.டி. வகைக்குக் கே10ரெம்ப் என்னும் செலுத்திகள் அவற்றை வாசிக்கின்றன. விசிறிகளின் வேகம், மின்னழுத்தங்கள், பலகையின் வெப்பநிலை ஆகியவற்றைப் பெரும்பாலான மேசைக் கணினிகளில் அளப்பது சூப்பர் ஐ.ஓ. எனப்படும் தனிச் சில்லு. இச்சில்லுகளைப் பெருமளவில் ஆக்குவோர் தாய்வானின் நுவோட்டன் (2008இல் வின்பொண்ட் கம்பனியிலிருந்து பிரிந்தது), ஐ.ரி.இ. ஆகிய கம்பனிகள். எல்.எம்.-சென்சர்ஸ் என்னும் மென்பொருட்டொகுதியின் பெயரும் நஷனல் செமிகண்டக்டர் கம்பனியின் எல்.எம். வரிசைச் சில்லுகளிலிருந்து வந்ததே.

சென்சர்ஸ் என்னும் கட்டளை முறைவழியாக்கியின் வெப்பநிலையை மட்டும் காட்டி, விசிறி பற்றி மௌனம் சாதித்தால், சூப்பர் ஐ.ஓ. சில்லுக்குரிய செலுத்தி ஏற்றப்படவில்லை என்பதே பெரும்பாலும் பொருள். சென்சர்ஸ்-டிடெக்ற் என்னும் நிரலை நிர்வாகி உரிமையுடன் இயக்கி, அது முன்மொழியும் விடைகளையே ஏற்றுச் செல்லல் தகும். ஐயமுள்ள சோதனைகளுக்கு அது தானே 'இல்லை' என முன்மொழியும். இந்த எச்சரிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 2000களின் தொடக்கத்தில், இத்தகைய துருவல் ஐ.பி.எம். திங்க்பாட் மடிக்கணினிகள் சிலவற்றின் நினைவகச் சில்லொன்றைச் சிதைத்து, அவற்றை இயங்காதனவாக்கியது. குறைபாடு அச்சில்லின் அமைப்பிலேயே இருந்தது. எனினும் அளக்கும் செயலே அளக்கப்படும் பொருளைக் கெடுத்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

சில்லு கண்டறியப்பட்டும் செலுத்தி ஏற மறுப்பதுண்டு. அப்போது உட்கருவின் செய்திப் பதிவேட்டைப் பார்த்தல் வேண்டும். ஏ.சி.பி.ஐ. வள முரண்பாடு என்ற செய்தி அங்கிருப்பின், பலகையின் நிலைப்பொருள் அதே துறைகளைத் தனக்கென உரிமை கொண்டாடுகிறது என்பது பெறப்படும். இச்சில்லில் முதலில் இலக்கத்தைக் குறிப்பிட்டு, அதன்பின்னரே தரவை வாசிக்க முடியும். இரு படிகளுக்கும் இடையில் நிலைப்பொருள் நுழைந்துவிடின் பிழையான வாசிப்பு, அதனினும் மோசமாகப் பிழையான எழுத்து நிகழலாம். இதன் பொருட்டே 2009இல் லினக்ஸ் உட்கரு இத்தகைய அணுகலை இயல்பாகவே மறுக்கத் தொடங்கியது. தொடக்க அமைப்பில் 'லக்ஸ்' என்னும் தளர்வைச் சேர்த்தால் செலுத்தி ஏறிவிடும் என்ற அறிவுரை பரவலாக வழங்குகிறது. அது தடையை நீக்குகிறதேயன்றி முரண்பாட்டைத் தீர்ப்பதில்லை. விசிறியின் வேகத்தை நிலைப்பொருளே கட்டுப்படுத்தும் கணினியில் இதனைச் சிந்தியாது செய்தல் ஆகாது.

எண்கள் கிடைத்த பின்னரே உரையாசிரியனின் பணி தொடங்குகிறது எனலாம். வெப்பநிலை எதிர்க் குறியுடனோ, தொட்டால் குளிர்ந்திருக்கும் பலகையில் நூறு பாகையைத் தாண்டியோ காட்டப்படின், அச்செருகியில் உணரி எதுவும் இணைக்கப்படவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். அமைப்புக் கோப்பில் அதனைப் புறக்கணிக்கும்படி எழுதிவிடலாம். விசிறி சுழன்றுகொண்டிருக்க வேகம் பூச்சியம் எனக் காட்டுவது பழைய சில்லுகளில் வேறொரு காரணத்தால் நேரும். எல்.எம்.78 போன்ற சில்லில் விசிறியின் துடிப்புகளுக்கிடையிலான காலம் எட்டுப் பிற்றுக் கணிப்பானில் எண்ணப்படுகிறது. 1350000ஐ எண்ணிக்கையினதும் வகுப்பியினதும் பெருக்கத்தால் வகுத்தால் நிமிடச் சுழற்சி வரும். வகுப்பி 2 ஆயின் ஏறத்தாழ 2650 சுழற்சிக்குக் கீழ் கணிப்பான் நிரம்பிவிடும். 8 ஆயின் ஏறத்தாழ 665 வரை இறங்கலாம். விசிறியைக் கழற்றுமுன் வகுப்பியை மாற்றிப் பார்த்தல் நன்று.

மின்னழுத்தத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. சில்லு 12 உவோல்ற்றை நேரே ஏற்காது; இரு தடையிகளால் அது பங்கிடப்பட்டே உள்ளே செல்கிறது. 11 கிலோ ஓம், 1 கிலோ ஓம் எனத் தடையிகள் அமைந்தால் வாசிப்பைப் பன்னிரண்டால் பெருக்கவேண்டும், 1.01 என வருவது உண்மையில் 12.12 ஆகும். அத்தடையிகளைத் தெரிவது பலகை ஆக்குபவர். அவர் அதனைப் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. ஆகவே பயோஸ் திரையிலுள்ள அளவையோ பல்மானியின் அளவையோ சென்சர்ஸ் தரும் எண்ணுடன் ஒப்பிட்டு, விகிதத்தைப் பின்னோக்கி உய்த்தறிந்து, அமைப்புக் கோப்பில் எழுதவேண்டியுள்ளது. பணம் கொடுத்துப் பொருளை வாங்கியவன் அப்பொருள் பற்றிய அறிவை வாங்கவில்லை. அது வணிக இரகசியமாகத் தனியுடைமையில் நின்றுவிடுகிறது.

இதனினும் நுண்ணிய எடுத்துக்காட்டு 2017இல் வந்த றைசென் 1700எக்ஸ், 1800எக்ஸ் முறைவழியாக்கிகள். இவை அறிவித்த கட்டுப்பாட்டு வெப்பநிலை உண்மை வெப்பநிலையிலும் 20 பாகை கூடியது. ஒரே விசிறிக் கொள்கை எல்லா வகைகளுக்கும் பொருந்தவேண்டும் என்பதற்காக ஏ.எம்.டி. வேண்டுமென்றே சேர்த்த மிகை அது. உணரி பழுது எனப் பலர் மயங்கினர். ஆனால் அந்த எண் நிலைமையை விவரிக்க எழுந்ததன்று, விசிறியை ஏவ எழுந்தது. இன்ரெல் சில்லிலும் உணரி நேரே வெப்பநிலையைத் தருவதில்லை. உச்ச எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையே தருகிறது. அதனால் எல்லைக்கு அருகே அது நம்பத்தக்கது, குளிர்ந்த நிலையில் அத்துணை நம்பத்தக்கதன்று.

ஆவணம் இல்லாத சில்லுகளுக்குச் செலுத்தி எழுதுபவருட் பலர் ஊதியமற்ற தன்னார்வலரே. கம்பனி மௌனம் சாதிக்க, பயனாளர் அனுப்பும் பதிவுகளைக் கொண்டே அவர்கள் உழைக்கின்றனர். செலுத்தி உங்கள் சில்லை அறியாவிடின், வேறொரு சில்லின் அடையாளத்தை வலிந்து கொடுத்து ஏற்றுவதை இறுதி வழியாகவே கொள்க. அதற்கு முன், பலகையின் பெயர், பயோசின் பதிப்பு, சென்சர்ஸ்-டிடெக்ற் தந்த முழு வெளியீடு, பயோஸ் திரையில் அதே வேளையிற் காணப்பட்ட அளவுகள் ஆகியவற்றைச் சேர்த்து அவர்களுக்கு எழுதுதல் வேண்டும்.