போர் தண்ணீரில் கார் கழுவினால் வெள்ளைப் புள்ளி விழுகிறதா?

செட்டிகுளம் பக்கம் வெங்காயம் நல்ல விலைக்குப் போன வருடத்தில் கார் வாங்கிய வீடுகள் உண்டு. வாங்கிய புதிதில் கண்ணாடி மாதிரி மின்னிய வண்டி, இரண்டு கோடை கழிந்ததும் சுண்ணாம்பு தெளித்ததுபோல் ஆகிவிடுகிறது. எவ்வளவு தேய்த்தாலும் போவதில்லை. வண்டியைக் கழுவாமல் விட்டதால் வந்த கறை அல்ல இது. கழுவியதால் வந்தது.

போர் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகளே காரணம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கிழக்குப் பகுதி ஒரு காலத்தில் கடலாக இருந்த இடம். சாத்தனூர் கல்மரமும், அரியலூரின் சிமெண்ட் ஆலைகளுக்குப் போகும் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் காலத்து மிச்சங்கள். செட்டிகுளம் பக்கம் அடியில் கெட்டிப் பாறை என்றாலும், கரிசல் மண்ணில் சுக்கான்கல் கிடப்பதை உழும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள். மழைநீர் இதையெல்லாம் கரைத்துக்கொண்டுதான் கீழே இறங்குகிறது. போரின் ஆழம் கூடக்கூட, பல இடங்களில் உப்பும் கூடுகிறது.

குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். 600 உள்ள தண்ணீர் ஒரு லிட்டர் காய்ந்தால் அரை கிராமுக்கு மேல் சுண்ணாம்பு மிஞ்சும். அதுதான் பானட்டில் புள்ளியாக உட்காருகிறது. தண்ணீர் வழிந்து ஓடினால் உப்பும் கூடவே ஓடிவிடும். அங்கேயே காய்ந்தால்தான் தங்கும். ஆகவே வண்டி மேல் தண்ணீரைக் காயவிடாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

நம்மில் பலர் செய்வது இதற்கு நேர் எதிர். மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து, மோட்டார் ஓடும்போதே குழாயைப் பிடித்து, உச்சி வெயிலில் வண்டியைக் கழுவுகிறோம். சூடான தகரத்தில் தண்ணீர் நிமிடத்தில் காய்ந்துவிடும். தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்துக்கொண்டு, வெயில் தாழ்ந்த பிறகோ விடியற்காலையிலோ வண்டியை நிழலில் நிறுத்திக் கழுவுங்கள். முழு வண்டியையும் நனைத்துவிட்டுத் தேய்க்க ஆரம்பிக்க வேண்டாம். மேற்கூரை, பிறகு பானட், பிறகு ஒவ்வொரு பக்கமாக, கழுவிய இடத்தை அப்போதே துடைத்துக்கொண்டு வாருங்கள். துடைக்க மைக்ரோ ஃபைபர் துணி நல்லது. பழைய பருத்தி வேட்டியும் போதும்.

துணி சோப்பு போடக்கூடாது. கடினநீரில் சோப்பு திரிந்து, பிசுபிசுப்பான படலமாக ஒட்டிக்கொள்ளும். (வேப்பெண்ணெயைக் கரைக்கக் காதி சோப்பு போடும்போது சில சமயம் திரிந்துபோய் எண்ணெய் தனியே மிதப்பதும் இதனால்தான். மருந்து வீணாகாமல் இருக்க அதற்கும் நல்ல தண்ணீரே பிடியுங்கள்.) கார் ஷாம்பு அப்படித் திரியாது.

கடைசியாக ஊற்றும் ஒரு வாளி மட்டும் உப்பில்லாத தண்ணீராக இருந்தால் மீதி வேலையும் முடிந்தது. மழைநீருக்கு இணை இல்லை. 100 சதுர அடி கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 90 லிட்டர் விழும். முதலில் வரும் அழுக்குத் தண்ணீரைக் கழித்துவிட்டாலும் 70 லிட்டராவது பிடிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் 200 லிட்டர் டிரம் ஒன்றை நிரப்பி, கொசு நுழையாமல் துணி கட்டி மூடி வைத்தால், 15 லிட்டர் வாளிக்கு 13 முறை வரும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் இதற்கு ஆகும். ஆனால் ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் கழிவுநீரை வண்டிக்குப் பயன்படுத்த வேண்டாம். போர் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம். படிகாரம் போட்டால் கலங்கல்தான் தெளியும், கடினத்தன்மை குறையாது.

உங்கள் தண்ணீர் எப்படி என்று பார்க்க, ஒரு பாட்டிலில் போர் தண்ணீரும் இன்னொன்றில் மழைநீரும் பாதி பிடித்து, இரண்டிலும் ஒரே அளவு குளியல் சோப்புச் சீவல் போட்டுக் குலுக்குங்கள். ஒன்றில் நுரையும் மற்றதில் தயிர்த்திரளும் வந்தால் விளங்கிவிடும். கையடக்க டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. சரியான அளவு வேண்டுமானால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம்.

ஏற்கெனவே படிந்த புள்ளிக்கு: வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்து, குளிர்ந்திருக்கும் கண்ணாடி மேல் இரண்டு மூன்று நிமிடம் போட்டு வையுங்கள். சுண்ணாம்பு கரையும். பிறகு துடைத்து, நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பெயிண்டில் செய்வதானால் முதலில் மறைவான ஒரு மூலையில் செய்து பாருங்கள். அதிக நேரம் ஊற வேண்டாம். கழிப்பறை ஆசிட்டைத் தொடவே கூடாது. பெயிண்டும் அலாய் சக்கரமும் பாழாகும். சாம்பல், மணல், தேங்காய் நார் எதுவும் வேண்டாம். பல மாதம் ஊறி பெயிண்டையே அரித்த புள்ளி வினிகருக்குப் போகாது, பாலிஷ்தான் போட வேண்டும்.

முன்கண்ணாடியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பகலில் தெரியாத படலம், இரவில் திருச்சி சாலையில் எதிரே லாரி விளக்கு விழும்போது கண்ணைக் கூசி, வழியையே மறைக்கும். வைப்பர் தொட்டியிலும் மழைநீரே ஊற்றுங்கள்.

டிராக்டரோ காரோ, ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வெளியே விழும் புள்ளி அழகைத்தான் கெடுக்கும். உள்ளே படிவது குழாய்களை அடைத்து, சூடு வெளியேறாமல் இன்ஜினையே கெடுக்கும். கூலண்ட்தான் ஊற்ற வேண்டும். வயலில் அவசரம் என்றால் டிரம்மில் இருக்கும் மழைநீரை ஊற்றி ஓட்டிவந்து, பிறகு மாற்றிவிடுங்கள். பேட்டரிக்கு மழைநீரும் கூடாது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும்.