'வா' என்றால் வர வேண்டும்

வீட்டுக்குள் 'வா' என்றதும் ஓடிவரும் நாய், தெருவில் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையா? கோபிக்காதீர்கள். ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்தில் செய்ய, நாய்க்கு அங்கேயும் பழக்கம் வேண்டும். முதலில் கூடம், பிறகு மொட்டை மாடி, அப்புறம் நீளக் கயிறு கட்டித் தெரு. வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லையே சொல்லுங்கள். வந்த நொடியிலேயே எலும்பில்லாத, உப்பிடாத அவித்த கோழிக்கறி ஒரு துண்டு கொடுங்கள். தாமதித்தால் எதற்குக் கிடைத்ததென்று அதற்குப் புரியாது. சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்கள் ஓடும் அணிலைக் கண்டாலே பாய்ந்துவிடும். அவற்றுக்குக் கயிற்றுப் பயிற்சி இன்னும் நீளட்டும். ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்: கூப்பிட்டு வரவழைத்து அடிப்பது. எவ்வளவு தாமதமாக வந்தாலும் தட்டிக்கொடுங்கள். அப்படி அடி வாங்கிய நாய், எதிரே லாரி வரும்போது நீங்கள் கூப்பிட்டாலும் வரத் தயங்கும்.