முதுகை விட்டு இறங்காத 7-ஆம் நம்பர்!

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் உறும ஆரம்பித்துவிடும். பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை. அதுதான் அவர்கள் யூனிஃபார்ம். புருஷன் கழித்துப் போட்டது, மகன் கழித்துப் போட்டது, எதுவானாலும் சரி. மகன் கபடி ஆடுபவனாக இருந்துவிட்டால் போச்சு... அம்மா முதுகில் அவன் பேரும் 7-ஆம் நம்பரும்! 'ஏழாம் நம்பரக்கா, ரைடு போகலையா?' என்று டிரைவர் கேட்காமல் விடுவாரா?

கேலியைக்கூடப் பொறுத்துக்கலாம். அந்த நம்பர் சாயம் இல்லை, ஒட்டிய பிளாஸ்டிக் தாள். வினைல் என்பார்கள். வேர்வை உறிஞ்சாது, காற்றும் விடாது. போடி வெயிலில் முதுகு வேகும். 17 கொண்டை ஊசி வளைவு ஏறி மெட்டைத் தாண்டினால் சாரல். சில்லென்று முதுகோடு ஒட்டும். துணியோ இன்னும் ரெண்டு வருஷம் உழைக்கும். தூக்கிப் போட மனசு வருமா?

தாளின் அடியில் இருப்பது சூட்டில் இளகும் பசை. 150 டிகிரி செல்சியஸ் வாக்கில் பத்துப் பதினைந்து விநாடி அழுத்தினால் உருகி நூலிழைக்குள் இறங்கும். ஆறினால் பிடித்துக்கொள்ளும். மறுபடி சூடு காட்டினால் விட்டுவிடும். அவ்வளவுதான், ஆனால், அங்கேதான் கூத்து.

முதலில் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். விளிம்பு தட்டுப்பட்டால் ஸ்டிக்கர். சாயத்துக்கு நடுவே நெசவு தெரிந்தால் அது பிரிண்ட், மல்லுக்கட்ட வேண்டாம். தேர்தல் பனியன்கள் பல இந்த ரகம். தலைவர் லேசில் போகமாட்டார்!

கபடி பனியன் பெரும்பாலும் பாலியெஸ்டர். காட்டனுக்கு வைக்கிற சூட்டை வைத்தால் நம்பரோடு முதுகும் போய்விடும். பனியனை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, மேலே மெல்லிய துணி போட்டு, குறைந்த சூட்டில் பத்து விநாடி அழுத்துங்கள். இஸ்திரிப் பெட்டி நேரே வினைலில் படக்கூடாது, பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும். சூடு ஆறுவதற்குள் ஒரு மூலையைச் சாமணத்தால் தூக்கி, மெதுவாக இழுக்கணும். இறுகினால் நிறுத்தி, மறுபடி சூடு காட்டணும். வெடுக்கென்று இழுத்தால் துணி கிழியும். கரிப்பெட்டியில் சூட்டைக் குறைக்கத் திருகு கிடையாது. கைப்பக்குவம் தெரிந்த தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கொடுப்பதே உத்தமம்.

உரித்த இடம் பிசுபிசுக்கும். நீலகிரித் தைலத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்து, சோப்புப் போட்டு அலசினால் போகும். நெயில் பாலிஷ் ரிமூவரும் கேட்கும். எதுவானாலும் முதலில் உள்தையலில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், சாயம் போகிறதா என்று. ரெண்டும் தீப்பிடிக்கிற சரக்கு. அடுப்பையும் இஸ்திரிப் பெட்டியையும் அணைத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து செய்யணும். 'ஜீப்பிலேர்ந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்தா போதுமே' என்று யோசனை சொல்கிறவர் ஊருக்கு ஒருத்தர் இருப்பார். அவரைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு வேடிக்கை உண்டு. சுற்றியிருக்கும் துணி வெயிலில் வெளுத்திருக்கும். ஸ்டிக்கருக்கு அடியில் இருந்தது மட்டும் புதுசாகவே இருக்கும். விளைவு, அதே 7, இப்போது பளிச்சென்று! அதற்கு மருந்து இல்லை. பனியனை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.