வயலிற் பட்ட காயத்திற்கு ஏற்ற கட்டு

கமக்காரருடைய கைகளும் கால்களுமே அவருடைய முதற் கருவிகளாகும். மண்வெட்டி மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். உழவு இயந்திரம் பழுதுற்றால் உதிரிப்பாகம் வாங்கிப் பொருத்தலாம். உள்ளங்கால் பழுதுற்றாலோ மாற்றுப்பாகம் எக்கடையிலும் கிடைப்பதில்லை. ஆயினும், நெற்பயிரின் இலையில் ஒரு புள்ளி தோன்றினாலும் உன்னிப்பாக நோக்கும் நாம், நம் காலிற் பட்ட வெட்டினைக் கந்தைத் துணியால் இறுகச் சுற்றிவிட்டு மீண்டும் சேற்றில் இறங்கிவிடுகின்றோம்.

மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், வில்பத்துக் காட்டை அடுத்துள்ள மறிச்சுக்கட்டிப் பகுதிக் கமக்காரருக்குக் காயம் புதிதன்று. 1990ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்து, 2009ஆம் ஆண்டின் பின்னர் திரும்பிவந்தோர், பற்றை மண்டிக் கிடந்த நிலத்தை வெட்டித் திருத்தியே வயலும் மரக்கறித் தோட்டமும் ஆக்கினர். முள்ளும் அடிக்கட்டையும் குத்தாத கால் அவர்களுள் அரிது. அத்தகையோர்க்குப் பயன்படும் வண்ணம், எக்காயத்திற்கு எக்கட்டுப் பொருந்தும் என்பதை இங்கு விளக்குவோம்.

கட்டுக்கு முன் கழுவுதல்

எல்லாப் பயிருக்கும் ஒரே பசளை பொருந்தாதவாறு, எல்லாக் காயத்திற்கும் ஒரே கட்டும் பொருந்தாது. ஆனால், கழுவுதல் எல்லாவற்றிற்கும் பொதுவாகும். குருதி பெருகிப் பாயுமாயின் முதலில் அதனை நிறுத்துதல் வேண்டும். மற்றைய காயங்களைச் சுத்தமான நீரை ஊற்றி, மண்ணும் மணலும் நீங்கும்வரை கழுவுக. அரை லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்தும் பயன்படுத்தலாம். கோப்பித்தூள், சாம்பல், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் என்பவற்றை அறவே தவிர்க்க. அவை காயத்தினுள் அழுக்கைச் சேர்க்கும். அன்றேல் தசையைப் புண்படுத்தும்.

காயத்திற்கு ஏற்ற கட்டு

அரிவாள் வெட்டு: சுத்தமான துணியை மடித்து வைத்து, பத்து நிமிடம் இடைவிடாது அழுத்திப் பிடிக்க. இடையிடையே எடுத்துப் பார்த்தலாகாது. வெட்டுப்பட்ட கையையோ காலையோ உயர்த்தி வைத்தல் நன்று. குருதி நின்றபின் கழுவி, கோஸ் துணியை வைத்து, அதன்மேல் கட்டுத்துணியைச் சுற்றுக. விரல்நுனி நீலநிறமாக மாறினாலோ விறைத்தாலோ கட்டு இறுகிவிட்டது என்று அறிந்து தளர்த்துக. வெட்டு வாய்பிளந்து நின்றால் தையல் வேண்டும்; அன்றே வைத்தியசாலை செல்க.

சிராய்ப்பு: இது தோலின் மேற்பரப்பு மட்டும் உரிந்த காயம். வெறும் பஞ்சையோ துணியையோ வைத்தால் ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது புதிதாய் முளைத்த தோலும் உடன் உரியும். ஆதலால் வசிலீனை மெல்லியதாய்ப் பூசி, ஒட்டாத கட்டினால் மூடுக. காயத்தைக் காற்றில் உலரவிட்டாற்றான் ஆறும் என்பது பழைய எண்ணம். ஈரங்காத்து மூடிய காயம், உலர்ந்து பொருக்குக் கட்டிய காயத்திலும் ஏறத்தாழ இருமடங்கு விரைவாகத் தோல் மூடுவதை ஜோர்ஜ் வின்ரர் என்னும் ஆராய்ச்சியாளர் பன்றிகளில் நடத்திய சோதனையால் 1962ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். நாற்றுமேடைக்கு வேண்டிய அளவான ஈரமே புதுத்தோலுக்கும் வேண்டும்.

நீர் கசியும் புண்: இதற்கு மாறாக, ஈரம் மிகுந்த புண் வடிகாலற்ற வயலைப் போன்றது. நீரை உறிஞ்சும் தடித்த கோஸ் கட்டினை இட்டு, அது நனைந்தவுடன் மாற்றுக. நீரிழிவு உடையோர் காலிற் புண் கண்டால், வலி இல்லையென்று வாளாவிருத்தல் கூடாது. உணர்ச்சி குன்றிய காலில் நோவு தெரியாமலே புண் ஆழ்ந்துவிடும்.

முள், ஆணி குத்திய காயம்: வெளியே சிறுதுளை; உள்ளே ஆழம். இதனை அடைத்து ஒட்டுதல் தகாது. விவசாயப் பாடசாலையிற் பயின்ற காலத்தில், என் பாதத்திற் குத்திய ஆணித் துளையின்மேல் பிளாஸ்டரை இறுக ஒட்டிக்கொண்டு நானே வயலில் இறங்கினேன். மூன்றாம் நாள் பாதம் வீங்கிற்று; கீறிச் சீழ் அகற்றவேண்டியதாயிற்று. ஏற்புவலிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வாழ்வது. காற்றுப்புகாத ஆழத்திலேயே பெருகுவது. ஆகையால் நன்கு கழுவி, தளர்வான கோஸ் கட்டு மட்டும் இட்டு, வைத்தியரிடம் காட்டுக. இறுதியாக ஏற்புத் தடுப்பூசி ஏற்றி ஐந்து ஆண்டுகள் கடந்திருப்பின் அதனையும் கூறுக.

சுட்ட காயம்: நீரிறைக்கும் இயந்திரத்தின் புகைக்குழாய் பட்டுச் சுட்டால், இருபது நிமிடம் குளிர்ந்த நீர் ஓடவிடுக. பனிக்கட்டியும் பற்பசையும் வேண்டா. கொப்புளத்தை உடையாது, ஒட்டாத சுத்தமான கட்டினால் தளர்வாக மூடுக.

நாய்க்கடி: சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவுக. இறுக மூடிக் கட்டாது, தடுப்பூசிக்காக உடனே வைத்தியசாலை செல்க.

சேறும் கட்டும்

சேற்றுநீரில் ஊறிய கட்டு, கட்டில்லாமையினும் தீதாகும். எலியின் சிறுநீர் கலந்த வயல்நீரிலிருந்து எலிக்காய்ச்சற் கிருமி, வெட்டு வழியாகவும் சிராய்ப்பு வழியாகவும் உடலுட் புகும். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் இந்நோய் என ஐயுறப்பட்டோர் தொகை 7,000ஐத் தாண்டிற்று. ஆதலின் காயம் மூடும்வரை வேறொருவரை வயலில் இறக்குக. இறங்கியே தீரவேண்டுமாயின், நீர் புகாத பிளாஸ்டரால் காயத்தை மூடி, நீள் சப்பாத்து அணிக. கரையேறியதும் கழுவி, உலர்ந்த கட்டு இடுக. குத்திய காயத்திற்கு இச்சலுகையும் இல்லை. எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மருந்தைப் பற்றி, விதைப்புத் தொடங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிக. வயலில் இறங்கிய சில நாட்களில், அல்லது இரண்டு மூன்று வாரங்களில், கடுங்காய்ச்சலும் தசைநோவும் கண்டால், வயலில் இறங்கியதை வைத்தியருக்கு மறவாது சொல்லுக.

தாமதிக்கக்கூடாத வேளை

காயத்தைச் சுற்றிச் செம்மை பரவுதல், வீக்கம், சீழ், துர்நாற்றம், காய்ச்சல் என்பவற்றுள் ஒன்று காணப்படினும் வீட்டு வைத்தியத்தை நிறுத்துக. அழுத்தியும் நிற்காத குருதிக்கும், பாம்புக்கடிக்கும் 1990 என்னும் இலக்கத்துடன் தொடர்புகொண்டு நோயாளர் வண்டியை அழைக்கலாம். பாம்பு கடித்த இடத்தை இறுகக் கட்டுவதோ கீறுவதோ கூடாது. கடியுண்டவரை நடக்கவிடாது கொண்டு செல்க.

மூடியுள்ள ஒரு தகரப் பேணியில் கோஸ், கட்டுத்துணி, பிளாஸ்டர், வசிலீன், சவர்க்காரம், கத்தரிக்கோல் ஆகியவற்றை இட்டு, விதைநெல்லைப் பேணுவது போல் ஈரம்படாது பேணுக. காவற்குடிலில் அதனைத் தொங்கவிடச் செலவு சிறிது. காயமுற்ற கால் காலபோகத்தில் ஒரு மாதம் கட்டிலில் கிடந்தால் வரும் நட்டத்தைக் கமக்காரர் தாமே கணக்கிட்டுக்கொள்வாராக.