கோப்புப் பெயர்களில் ஓருருவமும் ஈரெழுத்தும்

‘கபே’ என்னும் பிரெஞ்சுச் சொல்லின் ஈற்றெழுத்து, தலையிலே சாய்கோடொன்று தாங்கி நிற்கும். அதனைக் கணினி இருவகையாற் குறித்தல் கூடும். எழுத்தையுங் கோட்டையும் ஒன்றாக்கி ஓரெண்ணாற் குறிப்பது ஒருவகை. இரண்டையும் வெவ்வேறெண்ணாற் குறிப்பது மற்றொருவகை. யூ.ரி.எவ்.-8 முறையில் முன்னையது 2 பைற்று. பின்னையது 3 பைற்று. கண்ணுக்கோ வேற்றுமை புலப்படாது.

இது பிறர் மொழிக்கே உரிய தொல்லையன்று. ‘கொ’ என்பதும் ககரமும் ஒகரக்குறியுமாக 6 பைற்றிலும், ககரமுங் கொம்பும் அரவுமாக 9 பைற்றிலும் அமையும்.

லினக்சு முறைமை கோப்பின் பெயரைப் பைற்று வரிசையாகவே கொள்வதால், ஒரே தோற்றமுடைய இருகோப்புகள் ஒரு கோப்புறையில் அருகருகே இருத்தல் கூடும். அப்பிள் நிறுவனம் 1998 இல் வெளியிட்ட எச்.எவ்.எசு. பிளசு முறைமையோ இத்தகைய எழுத்துகளைப் பிரித்தே வைத்தது. அங்கிருந்து வந்த கோப்பினைச் சேர்த்தெழுதிய பெயராற் றேடுஞ் செய்நிரல், கோப்பு இல்லையென்றே விடை கூறும்.

பைதன் மொழியில் ‘நோர்மலைசு’ என்னுஞ் சார்பு இருபெயரையும் ஒரே வடிவாக்கித் தரும், அதன்பின் ஒப்பிடுக. ஆயின், ஒப்பிடுதல் வேறு, பெயர்மாற்றுதல் வேறு. இருவடிவிலும் கோப்புகள் இருக்கையில் ஒன்றன் பெயரை மாற்றினால், லினக்சிலே அது மற்றதனை எச்சரிக்கையின்றி அழித்து அதனிடத்தைக் கொள்ளும். மாணவனொருவனின் ஆண்டுழைப்பும் அவ்வாறே மறையலாம். முதலில் அப்பெயர் உளதாவென நோக்குதல் இன்றியமையாதது.

‘ஔவை’யை ஒகரமும் ளகரமுமாகத் தட்டெழுதுவோர் நம்மிற் பலர். அப்பிழையை இச்சார்பு திருத்தாது; ஆசிரியரே திருத்துதல் வேண்டும்.